மாட்டுக்கு எழுதுறாங்க, மனுஷனுக்கு எழுதுறாங்களா? சினிமா கிராபிக்ஸின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)



இந்த வாரம் சினிமாவுல கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் வந்த கதையைப் பேசப் போறோம். வழக்கமா இந்தக் கதையை ஹாலிவுட்ல ஆரம்பிப்பாங்க. நான் மார்க்கையன்கோட்டையில, எங்க மாமா வீட்டு டிவியில ஆரம்பிக்கிறேன்.

மார்க்கையன்கோட்டை எங்க அம்மா பிறந்த ஊரு. தேனி மாவட்டம், சின்னமனூர் பக்கம். குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போயிருந்தீங்கன்னா இந்த ஊரைத் தாண்டிப் போயிருக்கலாம். முல்லைப் பெரியாறு தண்ணியில நெல்லு விளையுற பூமி. மாமா வீட்டுத் தொழுவத்துல இன்னைக்கும் மாடு நிக்குது. அய்யம்பட்டியில ஜல்லிக்கட்டுன்னா அவருக்குச் சோறு தண்ணி வேணாம்.

போன வருஷம் லீவுக்குப் போயிருந்தேன். ராத்திரி டிவியில ஏதோ ஒரு கிராமத்துப் படம். காளை ஒண்ணு முட்ட வர்ற சீன். திரையோட மூலையில சின்னதா மூணு இங்கிலீஷ் எழுத்து வந்துச்சு. மாமா கேட்டாரு: "ஏம் பாப்பா, மாடு வரும்போதெல்லாம் அங்கிட்டு ஏதோ எழுதுறானே, என்னது அது?"

"சிஜிஐ மாமா. கம்ப்யூட்டர்ல செஞ்ச மாடு. நெசமான மாடு இல்லன்னு அர்த்தம்."

கொஞ்ச நேரம் மாட்டையே பாத்தாரு. "அதான பாத்தேன். இம்புட்டு வேகமா வருது, திமிலு ஆடவே மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கொஞ்சம் வெக்கமாவும் இருந்துச்சு. ஏன்னா நான் சென்னையில ரெண்டு வருஷம் ரோட்டோ ஆர்ட்டிஸ்டா வேலை பாத்தவ. சினிமாவுல ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேம்லயும் ஆளோட ஓரத்தை, முடியோட ஓரத்தை, மாட்டுக் கொம்போட ஓரத்தைக் கோடு போட்டுப் பிரிச்சு எடுக்கறதுதான் ரோட்டோ. ஒரு கொம்போட நாள் முழுக்கக் குடியிருந்திருக்கேன். ஆனா திமிலை மாமா பாத்த மாதிரி நான் ஒரு நாளும் பாத்ததில்ல.

அடுத்து மாமா ரெண்டு கேள்வி கேட்டாரு. "அப்ப மனுசனையும் இப்படிச் செய்யலாமா?" செய்றாங்கன்னு சொன்னேன். "அப்பவும் மூலையில எழுதுவானா?"

அவரு சும்மா கேக்கல. அந்தக் கேள்விக்குப் பின்னாடி எங்க வீட்டு விஷயம் ஒண்ணு இருந்துச்சு. அதைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, இந்த இடத்துக்கு நாம எப்படி வந்து சேந்தோம்னு பாக்கலாம்.

கம்ப்யூட்டர் இல்லாத காலம்

சினிமாவுல ஏமாத்து வேலை கம்ப்யூட்டரோட வந்தது இல்ல. சினிமாவோட கூடப் பிறந்தது.

தமிழ்ல முதல் இரட்டை வேடப் படம் 1940ல வந்த 'உத்தமபுத்திரன்'. பி. யு. சின்னப்பா ரெண்டு வேஷத்துல நடிச்சாரு. அந்தக் காலத்துல ஒரே ஆளை ஒரே ஷாட்ல ரெண்டு பேரா காட்டுற வழி ரொம்ப எளிமையானது. லென்ஸோட வலது பாதியைக் கறுப்பு அட்டையால மறைச்சுட்டு, இடது பக்கம் ஆளை நிக்க வச்சுப் படம் பிடிக்கணும். அப்புறம் அதே ஃபிலிமைப் பின்னாடி சுத்தி, இந்தத் தடவை இடது பாதியை மறைச்சு, ஆளை வலது பக்கம் நிறுத்தி மறுபடியும் பிடிக்கணும். கேமரா ஒரு நூல் கூட அசையக் கூடாது. நடிகர் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. கை தவறி தாண்டிட்டா, கை பாதியில வெட்டின மாதிரி மறைஞ்சு போகும்.

1957ல 'மாயா பஜார்' வந்துச்சு. தெலுங்கு, தமிழ் ரெண்டுலயும். ஒளிப்பதிவு மார்க்கஸ் பார்ட்லி. கடோத்கஜனா வர்ற எஸ். வி. ரங்காராவ் கல்யாண விருந்தைக் காலி பண்ற சீனை உங்க வீட்டுப் பெரியவங்க கண்டிப்பா பாத்திருப்பாங்க. லட்டு தானா எழுந்து வாய்க்குள்ள போகும். இன்னைக்குப் பாத்தாலும் குழந்தைங்க சிரிக்குது. அதுல கம்ப்யூட்டர் கிடையாது. கேமராவை நிறுத்தறது, பொருளை நகத்துறது, மறுபடி ஓட்டுறது, ஃபிலிமைத் திருப்பி ஓட்டுறது. அந்தக் காலத்து மாயம் எல்லாம் இந்தக் கைவேலைதான்.

1989ல 'அபூர்வ சகோதரர்கள்'. குள்ள அப்புவா கமல்ஹாசன் எப்படி நடிச்சாருன்னு நான் சின்ன வயசுல கேக்காத ஆளில்ல. காலை முழங்காலோட மடக்கிக் கட்டி, முழங்கால்ல விசேஷமா செஞ்ச ஷூவை மாட்டி நடந்தாரு. சில ஷாட்டுக்குத் தரையில குழி தோண்டி அதுக்குள்ள நின்னாரு. கேமரா எந்தக் கோணத்துல இருந்தா மடக்கின கால் தெரியாதுன்னு முன்னாடியே கணக்குப் போட்டாங்க.

இந்த மூணு படத்தையும் ஏன் சொல்றேன்னா, மூணுலயும் ஏமாத்து வேலை நடந்தது கேமராவுல, தரையில, ஃபிலிம்ல. ஆனா நடிகர் அங்க இருந்தாரு. வலியைப் பொறுத்துக்கிட்டு, சம்மதிச்சு, அந்த இடத்துல நின்னு நடிச்சாரு. இதை மனசுல வச்சுக்குங்க. கதை மாறப் போற இடம் இதுதான்.

ஒரு இடது கை

கம்ப்யூட்டருக்குள்ள ஒரு உடம்பு எப்படிப் போச்சு? 1972ல அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துல எட் கேட்மல்னு ஒரு மாணவர், தன்னோட இடது கையைப் பிளாஸ்டர்ல அச்சு எடுத்தாரு. அந்த அச்சு மேல மையால சின்னச் சின்ன முக்கோணமும் பலகோணமும் வரைஞ்சாரு. மொத்தம் 350 போல. ஒவ்வொரு மூலையும் எங்க இருக்குன்னு அளந்து, அந்த எண்களைக் கம்ப்யூட்டர்ல தட்டச்சு பண்ணினாரு. அவரும் ஃபிரெட் பார்க்கும் சேந்து, திரையில அந்தக் கை விரலை மடக்கி நீட்டுற மாதிரி செஞ்சாங்க.

இது எப்படின்னு புரியணும்னா எங்க ஊர்ப் பக்கம் வாங்க. கம்பம் பள்ளத்தாக்குல திராட்சைப் பந்தல் பாத்திருக்கீங்களா? முதல்ல கல்தூண், அப்புறம் குறுக்கும் நெடுக்கும் கம்பி. கொடி ஏறாதப்ப அது வெறும் கம்பி வலைதான். கொடி படர்ந்து இலை மூடினப்புறம் கம்பி கண்ணுக்கே தெரியாது. கம்ப்யூட்டர் உருவமும் அப்படித்தான். புள்ளிகள், புள்ளிகளைச் சேக்குற கோடுகள், அதுல உண்டாகுற கம்பி வலை. அது மேல தோலோட நிறம், சுருக்கம், மயிர்க்கால் எல்லாத்தையும் படர விடுறாங்க. அப்புறம் வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து விழுதுன்னு கணக்குப் போட்டு, எந்த முக்கோணம் பளிச்னு இருக்கணும், எது நிழல்ல இருக்கணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். இதை நொடிக்கு 24 தடவை செய்யணும்.

1973ல 'வெஸ்ட்வேர்ல்டு' படத்துல ஒரு ரோபோ பாக்குற பார்வையைக் கட்டம் கட்டமா காட்ட முதல் முறையா கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினாங்க. 1976ல அதோட அடுத்த பாகமான 'ஃபியூச்சர்வேர்ல்டு' வந்தப்ப, கேட்மலோட அந்த இடது கை சினிமாவுக்குள்ள வந்துருச்சு. 1982ல 'ட்ரான்'. 1993ல 'ஜுராசிக் பார்க்'. அந்தப் படத்துல டைனோசர் திரையில வர்றதே மொத்தம் கால் மணி நேரம்தான். அதுலயும் கம்ப்யூட்டர் செஞ்சது பாதிக்கும் கம்மி. மீதி எல்லாம் ஆள் உயர, ஆளுக்கு மேல உயரமான பொம்மைங்க. 1995ல முழுப் படமே கம்ப்யூட்டர்ல செஞ்ச 'டாய் ஸ்டோரி' வந்துச்சு. அதைச் செஞ்ச பிக்சார் கம்பெனியைத் தொடங்கினவங்கள்ல கேட்மலும் ஒருத்தர்.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. அந்தக் கம்பி வலைக்குள்ள போறதுக்கு அந்த மாணவர் கொடுத்தது தன்னோட கையை. அடுத்தவங்களோடதை இல்ல.

நம்ம ஊருக்கு வந்த கதை

தமிழ் சினிமாவுல கிராபிக்ஸ்னா ஜனங்க மனசுல நின்ன முதல் பெரிய சம்பவம் 1994, 'காதலன்'. பிரபுதேவா ஆடுவாரு. தலை இருக்காது, கை இருக்காது. தொப்பியும் சட்டையும் ஷூவும் மட்டும் ஆடும். ஷங்கர் இயக்கம். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் செஞ்ச எஸ். டி. வெங்கிக்கு அந்த வருஷத்து தேசிய விருது கிடைச்சுது.

ஆளை அழிக்கறது எப்படி? இந்த மாதிரி ஷாட்ல பொதுவா முகத்துலயும் கையிலயும் ஒரே நிறத்துல, பச்சையோ நீலமோ, துணி மாட்டிவிடுவாங்க. அதே இடத்தை ஆளே இல்லாம இன்னொரு தடவை படம் எடுத்து வச்சுக்குவாங்க. அப்புறம் அந்தப் பச்சையை வெட்டி எடுத்துட்டு, ஆளில்லாத ஷாட்ல இருந்து அந்த இடத்துச் சுவரையோ வானத்தையோ எடுத்து ஓட்டையை அடைப்பாங்க. சட்டையோட கழுத்துக்குள்ள பின்பக்கத் துணி தெரியணும் இல்லையா? அதைத் தனியா வரைஞ்சு சேக்கணும். கிராபிக்ஸ்ல பாதி வேலை புதுசா எதையும் உருவாக்கறது இல்ல. இருக்கறதை அழிக்கறது. ஸ்டண்ட்ல கட்டுற கயிறை அழிக்கறது, சரித்திரப் படத்துல செல்போன் டவரை அழிக்கறது. நான் பாத்த வேலையில முக்கால்வாசி அதுதான்.

அன்னைக்கு எல்லாமே ஃபிலிம். ஃபிலிமை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு வந்து, வேலையை முடிச்சு, மறுபடி ஃபிலிம்ல பதிக்கணும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் காசு. அதனால ஒரு படத்துக்கு ஒரு பாட்டு, ரெண்டு சீன் அப்படித்தான் கிராபிக்ஸ் இருந்துச்சு.

1996ல 'இந்தியன்'. இதுக்கும் வெங்கிக்கு தேசிய விருது. கறுப்பு வெள்ளை ஃபிளாஷ்பேக்ல, பழைய செய்திப் படத்துல இருக்குற நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பக்கத்துல சேனாபதி இருப்பாரு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி 'ஃபாரஸ்ட் கம்ப்' படத்துல டாம் ஹாங்க்ஸ், செத்துப் போன அமெரிக்க ஜனாதிபதி கென்னடியோட கை குலுக்குவாரு. அங்க ஒரு படி மேல போய், கென்னடியோட வாயை மாத்தி, அவரு பேசாத வார்த்தையைப் பேச வச்சாங்க.

தியேட்டர்ல எல்லாரும் கைதட்டினாங்க. நானா இருந்தாலும் தட்டியிருப்பேன். ஆனா கதை சத்தமில்லாம மாறினது அங்கதான். அதுவரைக்கும் நடிகர் வந்து நின்னாத்தான் ஏமாத்து வேலை நடக்கும். இப்ப வராதவங்களையும், வர முடியாதவங்களையும் கூட்டிக்கிட்டு வரலாம்னு ஆச்சு.

முகம் தனியா, உடம்பு தனியா

1993ல 'தி க்ரோ' படத்தோட படப்பிடிப்புல நடந்த விபத்துல நடிகர் பிராண்டன் லீ இறந்துட்டாரு. மிச்சமிருந்த சில காட்சிகளை வேற ஆளை நடிக்க வச்சு, லீயோட முகத்தை அது மேல ஒட்டி முடிச்சாங்க. முகம் ஒருத்தரோடது, உடம்பு இன்னொருத்தரோடது.

2010ல 'எந்திரன்'. வி. ஸ்ரீநிவாஸ் மோகன் தலைமையில விஷுவல் எஃபெக்ட்ஸ். இதுக்கும் தேசிய விருது. ரஜினிகாந்தோட முகத்தை ஸ்கேன் பண்ணி, டூப் நடிகரோட உடம்பு மேல பொருத்தினாங்க. ரோபோ பொம்மைகளைச் செஞ்சு கொடுத்தது 'டெர்மினேட்டர்' புகழ் ஸ்டான் வின்ஸ்டனோட ஆளுங்க நடத்துற லெகஸி எஃபெக்ட்ஸ். இங்க முகத்தை யாரும் கற்பனை பண்ணல. உயிரோட இருக்குற ஒரு மனுஷர் சம்மதிச்சு வந்து உக்காந்து, அளக்க விட்ட முகம்.

2014ல 'கோச்சடையான்'. நடிகர்களோட உடம்புல குறிகளை ஒட்டி, அவங்க அசைவை மட்டும் பதிவு பண்ணி, கம்ப்யூட்டர் உருவத்துக்கு அந்த அசைவைக் கொடுக்குற மோஷன் கேப்சர் படம். அதுல நாகேஷ் வருவாரு. நாகேஷ் இறந்தது 2009 ஜனவரி. அவரை யாரும் அளக்க முடியாது. பழைய படங்களைப் பாத்துத்தான் செய்யணும்.

2024ல இது வேகமெடுத்துச்சு. 'இந்தியன் 2'ல, படம் முடியறதுக்கு முன்னாடியே காலமான நெடுமுடி வேணுவோட காட்சிகளை டூப்பையும் கிராபிக்ஸையும் வச்சு முடிச்சாங்க. செப்டம்பர்ல வந்த 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்துல விஜயோட வயசைக் குறைச்சாங்க. அதே படத்துல, 2023 டிசம்பர்ல காலமான விஜயகாந்தை ஏஐ உதவியோட கொண்டு வந்தாங்க. அனுமதி இல்லாம யாரும் அவரை ஏஐல பயன்படுத்தக் கூடாதுன்னு அவரோட குடும்பமும் கட்சியும் முன்னாடியே சொல்லியிருந்தாங்க. இந்தப் படத்துக்குக் குடும்பத்தோட சம்மதம் வாங்கித்தான் செஞ்சாங்க.

அந்தப் படத்துல வந்த ஒரு பாட்டுல பவதாரிணியோட குரலும் இருக்கு. முகம் இல்ல, குரல். அவங்க 2024 ஜனவரியில காலமானாங்க. தம்பி யுவன் ஷங்கர் ராஜா ஏஐ மூலமா அந்தக் குரலை மறுபடி கொண்டு வந்தாரு. பவதாரிணியை அடக்கம் பண்ணினது எங்க பள்ளத்தாக்குலதான். கம்பம், கூடலூர் தாண்டி, மலையடிவாரத்துல லோயர் கேம்ப்ல இருக்குற இளையராஜாவோட இடத்துல. சொந்த அக்காவோட குரலைத் தம்பி ஒரு தடவை கேக்க ஆசைப்பட்டதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனா இங்க ஒரு வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கணும். 'எந்திரன்' முறையில முகத்தை அளக்கறாங்க. ஏஐ முறையில யூகிக்கறாங்க. ஏஐ லட்சக்கணக்கான முகங்களைப் பாத்து, முகம்னா பொதுவா எப்படி இருக்கும், சிரிச்சா கன்னம் எங்க மடியும்னு கத்துக்கிட்டு இருக்கு. நீங்க ஒரு போட்டோ கொடுத்தா, போட்டோவுல இருக்குறதை வச்சுக்கும். இல்லாததை, அது பாத்த மத்த முகங்கள்ல இருந்து எடுத்து நிரப்பும். நிறைய வீடியோ இருக்குற ஒரு நடிகருக்கு யூகம் குறைவு. ஒரே ஒரு போட்டோ இருக்குற ஆளுக்கு எல்லாமே யூகம்.

மாட்டுக்கு ஏன் எழுதுறாங்க?

இப்ப மாமாவோட கேள்விக்கு வருவோம். திரையில மாடு வந்தா ஏன் அந்த எழுத்து?

2001ல வந்த காட்சி விலங்குகள் பதிவு விதிகள்படி, சினிமாவுல விலங்கைப் பயன்படுத்தணும்னா இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும். எடுத்து முடிச்சப்புறம் வாரியத்தோட தடையில்லாச் சான்று இருந்தாத்தான் சென்சார் நகரும். 2011 ஜூலையில மத்திய அரசு இன்னொண்ணும் பண்ணுச்சு. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இதையெல்லாம் பழக்கி வித்தை காட்டக் கூடாதுன்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல காளையையும் சேத்துட்டாங்க. ஜல்லிக்கட்டுக்கு 2014ல உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2017 ஜனவரியில மெரினா போராட்டம், மாநில அரசோட சட்டத் திருத்தம், 2023 மே மாசம் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏத்துக்கிட்டது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். வாடிவாசல் திறந்துச்சு. சினிமாவுக்கான அனுமதி விதி அப்படியேதான் இருக்கு.

கிராபிக்ஸ் மாடுன்னா அனுமதி வேணாமே? சரிதான். ஆனா அது கிராபிக்ஸ்தான்னு நிரூபிக்கணும். 2017 தீபாவளிக்கு வந்த 'மெர்சல்' படத்துக்கு, ரிலீஸுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் இந்தச் சிக்கல் இருந்துச்சு. படத்துல வர்ற புறா எல்லாம் கிராபிக்ஸ்தானா, ஆதாரம் காட்டுங்கன்னு வாரியம் கேட்டுச்சு. அதனாலதான் தயாரிப்பாளர்கள் முன்னெச்சரிக்கையா மூலையில எழுதிடறாங்க.

பாக்கறவங்களுக்கு எரிச்சலா இருக்கும். மீம்ஸ் போட்டிருக்கோம். ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த மூணு எழுத்து ரெண்டு வேலை செய்யுது. ஒண்ணு, நீங்க பாக்குறது நெசமில்லன்னு நேர்மையா சொல்லுது. ரெண்டு, இந்த ஜீவனுக்கு நாங்க பொறுப்பு, அதைத் துன்புறுத்தலன்னு யாருக்கோ பதில் சொல்லுது. மாடு பேசாது. அதுக்காகக் கேக்க ஒரு வாரியம் இருக்கு.

செத்துப் போனவங்களும் பேச மாட்டாங்க. அவங்களுக்காக யாரு கேப்பாங்க?

உயிரோட இருக்குற நடிகருக்கு வழி இருக்கு. 2015ல ரஜினிகாந்த் போட்ட வழக்குல, அவரோட பேரையும் பாணியையும் அனுமதியில்லாம ஒரு படத்துல பயன்படுத்த சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுச்சு. ஆனா ஜெயலலிதாவோட கதையான 'தலைவி' படத்தை எதிர்த்து அவரோட அண்ணன் மகள் தீபா போட்ட வழக்குல, அதே நீதிமன்றம் 2021ல என்ன சொல்லுச்சு தெரியுமா? ஒருத்தரோட அந்தரங்க உரிமை அவரோட உயிரோட முடிஞ்சு போகுது, வாரிசுக்குச் சொத்து மாதிரி வராதுன்னு சொல்லுச்சு. அது நடிகையை வச்சு எடுத்த படம். ஏஐ முகத்தைப் பத்தின வழக்கு இல்ல. ஆனாலும் சட்டம் எந்தப் பக்கம் பாக்குதுன்னு தெரியுது.

அமெரிக்காவுல 2023ல நடிகர் சங்கம் 118 நாள் ஸ்டிரைக் பண்ணுச்சு. எங்க உருவத்தை ஸ்கேன் பண்ணிப் பயன்படுத்தணும்னா சம்மதம் வேணும், சம்பளம் வேணும்கறது அவங்களோட முக்கியமான கோரிக்கைகள்ல ஒண்ணு. அடுத்த வருஷம் கலிஃபோர்னியாவுல, இறந்த கலைஞரோட டிஜிட்டல் உருவத்துக்கு வாரிசோட அனுமதி வேணும்னு சட்டமே வந்துச்சு. நம்ம ஊருல ஏ. ஆர். ரஹ்மான் 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேரோட குரலை ஏஐல கொண்டு வந்தப்ப, குடும்பங்கள்கிட்ட அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததா அவரே சொன்னாரு. நல்ல விஷயம். ஆனா அது அவரோட நல்ல மனசு. எல்லாருக்கும் அது விதி ஆகணும்.

அம்மாச்சி

இப்ப எங்க வீட்டு விஷயம்.

எங்க அம்மாச்சி, அதாவது மாமாவோட அம்மா, ரெண்டு வருஷம் முன்னாடி இறந்துட்டாங்க. மாமா பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. வீடியோ எடுக்குறவர் கொடுத்த பேக்கேஜ்ல ட்ரோன், எல்இடி ஸ்கிரீன், அதோட மறைந்தவங்க ஆசீர்வாதம் பண்ற ஏஐ வீடியோவும் இருந்துச்சு. அத்தைக்கு ரொம்ப ஆசை. மாமா என்னைக் கூப்பிட்டு, "நீ இந்த வேலைதான பாத்த? வெளியாளு எதுக்கு, நீயே செஞ்சு குடு பாப்பா"ன்னாரு.

அம்மாச்சியோட நல்ல போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. ஒரு காதுகுத்துல எடுத்தது. வாயை மூடிக்கிட்டு கேமராவை முறைச்சுப் பாப்பாங்க. நான் லேப்டாப்ல உக்காந்து போட்டோவைச் சுத்தம் பண்ணி, ஒரு ஆப்ல கொடுத்தேன். கொஞ்ச நேரத்துல அம்மாச்சி கண்ணைச் சிமிட்டினாங்க. தலையை லேசா சாய்ச்சாங்க. வாயைத் திறந்து சிரிச்சாங்க. எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு, பொய் சொல்லல.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரெண்டு தடவை போடச் சொன்னாரு. அப்புறம் சொன்னாரு: "ஆத்தா மாதிரிதான் இருக்கு. ஆனா பல்லு பூரா இருக்கே பாப்பா."

அம்மாச்சிக்கு முன்பல்லு ரெண்டு இல்ல. அதனால சிரிப்பு வந்தா முந்தானையால வாயைப் பொத்திக்குவாங்க. அந்த வீட்டுல வளந்த யாரும் அவங்க வாயைத் திறந்து சிரிச்சுப் பாத்ததில்ல. நானும்தான். ஆனா கிராபிக்ஸ் வேலை பாத்த என் கண்ணுக்கு அது படல. ஏஐக்கு மூடின வாய்க்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அதனால ஊர் உலகத்துல உள்ள பல்லையெல்லாம் பாத்து ஒரு வரிசை அழகான பல்லை வச்சுருச்சு. மாட்டுக்குத் திமில் ஆடல, அம்மாச்சிக்குப் பல்லு விழல.

பல்லைச் சரி பண்ணலாம். அது பத்து நிமிஷ வேலை. அதைச் சொன்னேன். அப்பத்தான் மாமா கேட்டாரு: "கல்யாணத்துல இதைப் போட்டா மூலையில எழுதுவியா?"

"எழுதுவேன் மாமா."

"மாட்டுக்கு எழுதுற மாதிரியா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "அப்ப வேணாம். போட்டோவே இருக்கட்டும்"னாரு.

மண்டபத்துல போட்டோவுக்கு மாலை போட்டு வச்சோம். அத்தைக்கு இன்னும் வருத்தம்தான். "எழுதினா என்னவாம், ஒரு தடவை பாத்திருக்கலாம்ல"ன்னு போன மாசம் கூடச் சொன்னாங்க. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. எழுதிட்டுக் காட்டினா ஏமாத்து இல்ல. மாமாவுக்குத்தான் மனசு வரல.

எனக்கு இதுல கிடைச்சது ஒரு அளவுகோல். நெசமில்லன்னு மூலையில எழுதவே கூச்சமா இருந்துச்சுன்னா, அந்த வீடியோவைக் காட்ட வேண்டாம். எழுதிட்டும் காட்டலாம்னு தோணுச்சுன்னா, சம்பந்தப்பட்டவங்க உயிரோட இருந்தா ஒத்துக்குவாங்களான்னு ஒரு தடவை கேட்டுப் பாக்கணும். 2025 அக்டோபர்ல மத்திய அரசு, இணையத்துல வர்ற ஏஐ வீடியோக்களுக்குக் கண்ணுக்குத் தெரியுற மாதிரி லேபிள் வேணும்னு வரைவு விதி வெளியிட்டுச்சு. அந்தப் பேச்சு சமூக ஊடகத்தோட நிக்காம தியேட்டர் திரைக்கும் வரணும். காளைக்குக் கொடுக்குற மரியாதையை நாகேஷுக்கும் விஜயகாந்துக்கும் கொடுக்கலாம்.

அம்மாச்சி குரல் என்கிட்ட ஒரு வாய்ஸ் நோட்ல இருக்கு. 38 செகண்டு. மாமாவுக்கு அனுப்ப வேண்டியதைத் தெரியாம எனக்கு அனுப்பிட்டாங்க. "மோட்டாரை நிப்பாட்டுனியா, வாய்க்கா நிறைஞ்சு ஓடுது, யாரும் பாக்கலயா"ன்னு திட்டுறாங்க. அதை யார்கிட்டயும் கொடுத்து வேற வார்த்தை பேச வைக்கிறதா இல்ல.

உங்க வீட்டுல இப்படி வீடியோ செஞ்சிருக்கீங்களா? செஞ்சப்புறம் எப்படி இருந்துச்சு? வேணாம்னு விட்டவங்களும் சொல்லுங்க. வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சிலதைப் போடுறோம்.